மூன்றாம் மாடி அதியமான்

தி. நகர் சந்தானசாகரம் மருத்துவமனைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் பெண்களுக்கு. கண்ணாடிக் கதவு, பித்தளைக் குத்துவிளக்கு, வருடம் முழுவதும் வாடாத பிளாஸ்டிக் வாழைமரம், நெற்றியில் குங்குமம் வைத்துவிட ஓர் அம்மாள். பின்வாசல் ஆண்களுக்கு. அது பின்சந்தில் ஓர் இஸ்திரி வண்டிக்கும் மாநகராட்சிக் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கதவைத் தட்டினால் ஒரு கை மட்டும் வெளியே வந்து தொப்பியும் முகக்கவசமும் நீட்டும். இரண்டையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் லிஃப்ட் திறக்கும். அந்த லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தவிர வேறெங்கும் நிற்காது.

தங்கக் கடத்தல் ஏதும் நடக்கவில்லை. “ஆணின் மானமே நம் மூலதனம்” என்று சொல்லிவிட்டு மருத்துவமனையின் நிறுவனர் காலமாகிவிட்டார். அதைக் கருங்கல்லில் வெட்டி மூன்றாம் மாடியில் பதித்து, வெள்ளிக்கிழமை தோறும் பூப் போடுகிறார்கள். பெண்ணின் மானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டதால் இரண்டாம் மாடியில் கல் இல்லை. அங்கே ஒலிபெருக்கி இருக்கிறது.

“ஷண்முகப்ரியா, கணவர் சுயம்புலிங்கம், கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழாய் அடைப்பு சந்தேகம், ரூம் நம்பர் நாலு” என்று அது அலறும். காத்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து ஷண்முகப்ரியாவைப் பார்ப்பார்கள். அவள் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாலாம் அறைக்குப் போவாள்.

மூன்றாம் மாடியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. உள்ளே நுழைந்ததும் வள்ளல் ஒருவரின் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். பாரி, காரி, ஓரி, அதியமான். கூட்டம் பெருகப் பெருக வள்ளல்கள் போதாமல் போய், பெயரோடு எண்ணும் சேர்ந்தது. “ஓரி பதிமூணு, சிறுநீர் குடுத்துட்டீங்களா?” என்று மெல்லிய குரலில் கேட்பார்கள்.

சுயம்புலிங்கம் அதியமான் ஏழு ஆன கதைதான் இது.

அவருக்கு உடன்குடிப் பக்கம் சொந்த ஊர். உஸ்மான் சாலைக்குப் பின்னால் லைனிங் துணி, புடவை ஃபால்ஸ், ஜாக்கெட் பிட் வியாபாரம். வயது நாற்பத்திரண்டு. கே.கே. நகரில் குடியிருந்துகொண்டு, காலையில் கடைக்குப் போனால் கடைசி வாடிக்கையாளர் போகிறவரை கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கல்யாண மாதங்கள் என்று வருடம் ஓடும். இதற்கு நடுவில் அவருக்கு மனைவி மேல் இருந்த ஆசை எப்போது போயிற்று என்பது அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், படுப்பார். காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருக்கும். அவளிடம் ஒரு குறையும் இல்லை. தொட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஷண்முகப்ரியா வடபழனியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தேழு. குழந்தை வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஆசை, அவளுக்குச் சற்று அதிகம். அவளுடைய முட்டை இருப்பு வயதுக்கு மீறிக் குறைந்துகொண்டு வருகிறது, ஒன்றிரண்டு வருடத்துக்குள் நடந்தால்தான் உண்டு என்று இரண்டாம் மாடியின் தலைவி டாக்டர் மீனாட்சி சொல்லியிருந்தார். அதையும் ஒலிபெருக்கி சொல்லியிருந்தது.

மனைவியோடு முன்வாசல் வழியாக வரும் கணவன்மார்கள், அவள் உள்ளே போனதும் இரண்டாம் மாடி மீன்தொட்டிக்கு எதிரே உட்கார வேண்டும். அங்கேதான் கிளிஃபர்ட் அவரைப் பிடித்தார். சாந்தோம்காரர், கழுத்தில் டை, டைக்கு மேல் சின்னச் சிலுவை. பதவியின் பெயர் பயணத் துணைவர்.

“இன்னா சார், வர்றப்போல்லாம் பாக்கறேன், மீனையே மொறச்சிகினு குந்திகினு கீறீங்க. மூஞ்சில ஒரு களையே இல்ல.”

“கடையில வேல சாஸ்தி தம்பி.”

“வேலைக்கெல்லாம் இப்டி ஆவாது சார். காலைல எந்திரிக்க சொல்லவே டயர்டா கீதா?”

“இருக்கு.”

கிளிஃபர்ட் குரலைத் தணித்துக்கொண்டார். “மேடத்தாண்ட இன்ட்ரஸ்ட் கம்மியாயிட்ச்சா?”

சுயம்புலிங்கம் மீனைப் பார்த்தார். மீன் உதவவில்லை.

“அவ்ளோதான் சார். ஹார்மோன் மேட்டரு. காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுங்க. மேடத்துக்குத் தெரியாது, மீனாட்சி டாக்டருக்கும் தெரியாது. பின்னாடி சந்துல வந்து தட்டுங்க.”

தட்டினார். இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு முறையும் ஆண் ஹார்மோன் குறைவாகத்தான் இருந்தது. அதில் பொய்யில்லை. இந்த மருத்துவமனையில் யாரும் பொய் சொல்வதே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாடியின் தலைவர் டாக்டர் விஜயராகவன், மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் சந்தனம், கையில் இந்த வருடக் கச்சேரி அட்டவணை. அதை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

“பாருங்கோ அதியமான், முப்பது வருஷமா நான் இதைத்தான் சொல்லிண்டிருக்கேன். ஆசைங்கறது மனசுல இல்லை, ரத்தத்துல இருக்கு. உமக்கு அது வத்திப் போயிருக்கு. ஊசியில ஏத்திட்டா வந்துடும். கவிதை எழுதறவாதான் இதைப் பெரிசு பண்ணிண்டிருக்கா.”

“எங்களுக்குப் பிள்ளை இல்ல டாக்டர். அதுக்கும் இந்த ஊசிக்கும்...”

டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“அது ரெண்டாம் மாடி. அந்தப் பேச்சை இங்க எடுக்கப்படாது. ஆசை எங்களோடது, சந்ததி அவாளோடது. நானும் மீனாட்சியும் இருபது வருஷமா ஒரே கட்டடத்துல இருக்கோம். ஒரு பேஷன்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசிண்டதில்லை. அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்.”

முதல் ஊசிக்கு முன்னால் ஒரு சடங்கு. கருங்கல்லுக்கு முன் நின்று, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரகசியப் பிரமாணம் எடுக்க வேண்டும். கிளிஃபர்ட் கேட்க, வள்ளல்கள் பதில் சொல்ல வேண்டும்.

“வூட்ல கேட்டா?”

“காலையில நடக்கேன்.”

“கடைல கேட்டா?”

“யோகா.”

“வேற டாக்டரு கேட்டா?”

“ஒண்ணும் எடுக்கல.”

“சூப்பர் சார். திரும்பி நில்லுங்க, பேன்ட்ட லூஸ் பண்ணுங்க.”

மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. இரண்டாம் ஊசி முடிந்து சில நாட்களில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வியாபாரம் கொழிக்கும் நேரத்தில் சுயம்புலிங்கம் கடையைச் சாத்தினார். ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவர் பனகல் பார்க் பக்கம் போய் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த ஷண்முகப்ரியா பயந்துவிட்டாள். “யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“பின்ன எதுக்கு இந்நேரம் வந்திய?”

“சும்மாதாம்ட்டி. ஒன்னயப் பாக்கணும்னு இருந்துச்சு.”

அவள் புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பூவை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வைத்துக்கொண்டாள்.

அந்த மாதங்களில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இதில் கிண்டல் பண்ண எனக்கு ஒன்றும் இல்லை. அவள் கழுத்துக்குப் பின்னால் சாக்பீஸ் தூள் ஒட்டியிருப்பதை ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கவனித்தார். பெசன்ட் நகர் கடற்கரையில் அவள் மிளகாய் பஜ்ஜி தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் அழகில்லை என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டிருந்தவள், பீரோவின் அடியில் கிடந்த மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்து உதறினாள். ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களிடம், “இப்பம்லாம் எங்க வீட்டுக்காரர் காலைல நடக்காரு” என்று சொன்னாள். சொல்லும்போது முகம் சிவந்தது.

ஒரே இடைஞ்சல், மாடிகளின் அட்டவணை. ஊசி போட்ட முதல் வாரம் அவருக்கு ஆசை கொழுந்துவிட்டு எரியும். மூன்றாம் வாரம் ஈர விறகாகிவிடும். இரண்டாம் மாடியோ, முட்டை வெளிவரும் நாளைக் கணித்து, இன்ன நாளில் சேர வேண்டும், இன்ன நாளில் கூடாது என்று எழுதிக் கொடுக்கும். மூன்றாம் மாடி மூட்டிய வாரத்தில் இரண்டாம் மாடி தடை போட்டிருக்கும். இரண்டாம் மாடி உத்தரவு போட்ட நாளில் மூன்றாம் மாடியின் மருந்து தீர்ந்திருக்கும். இருந்தாலும் இருவரும் மருத்துவமனைக்கு அடங்கி நடந்தார்கள். மாதாமாதம் அவளுக்குத் தூரம் தள்ளாமல் வந்துகொண்டிருந்தது.

இங்கே இரண்டாம் மாடியின் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். குழந்தை இல்லை என்று ஒரு தம்பதி வந்தால், ஆணுடைய வித்தில் உயிரணு இருக்கிறதா என்று பரிசோதிப்பது ஒரு நாள் வேலை. வலி இல்லை, கத்தி இல்லை. ஆகையால் அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். டாக்டர் மீனாட்சியே தம்பதியை எதிரே உட்காரவைத்து அதை விளக்கினார்.

“ஆம்பளைய மொதல்லயே டெஸ்ட்டுக்கு அனுப்பினா, அவங்க வீட்டுல கோவிச்சுக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடறாங்க. அப்புறம் அந்தப் பொண்ணுக்குத்தானே நஷ்டம்? அதனால மொதல்ல மனைவிக்கு எல்லாம் பார்ப்போம். அவங்க உடம்புல இனிமே பார்க்க எதுவும் மிச்சம் இல்லைன்னா, கடைசியா கணவர். பெண்கள் நலன்தான் எங்களுக்கு முக்கியம்.”

பிறகு அவர் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். ஊசியின் புண்ணியத்தில் தோள் விரிந்து, முகத்தில் ரத்தம் ஏறி, மீசை பளபளத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“சார் ஏதாவது மருந்து, ஊசி எடுத்துக்கறாரா?”

ஷண்முகப்ரியா திரும்பி அவரைப் பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள். கதவோரம் ஃபைலோடு நின்ற கிளிஃபர்ட் ஃபைலைப் பார்த்தார்.

“ஒண்ணும் எடுக்கல டாக்டர். காலைல நடக்கேன்.”

“அதான் பார்த்தாலே தெரியுதே. இவருக்கு டெஸ்ட்டே வேண்டியதில்ல. மேடத்துக்கு நாளைக்கே லேப்ராஸ்கோப்பி போட்டுப் பார்த்துடலாம்.”

அவள் வயிற்றில் மூன்று துளை போட்டு, காற்றடைத்து, குழாயை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு கோளாறும் இல்லை. அதை “குறையின்மையைக் கண்டறிந்த வெற்றி” என்று அறிவித்து இரண்டாம் மாடியில் லட்டு கொடுத்தார்கள். அடைத்த காற்று தோள்பட்டைக்கு ஏறி அவள் வலியில் துடித்தாள். சுயம்புலிங்கம் கூடவே இருந்து, கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டார். நர்ஸ்கள் அவரைக் காட்டித் தங்கள் கணவன்மாரைத் திட்டினார்கள். மத்தியானம் அவள் தூங்கியதும் முன்வாசல் வழியாக இறங்கி, பின்சந்துக்குச் சுற்றிப் போய், பின்வாசலைத் தட்டித் தொப்பி வாங்கினார். அன்று அவருக்கு ஊசி நாள்.

எனக்கு இந்த இடத்தில் ஆத்திரம் வருகிறது. அங்கதம் எழுதுகிறவன் ஆத்திரப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்களின் வயிற்றில் யாரும் துளை போடவில்லை.

கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டதால், இல்லாத கோளாறுக்கு வைத்தியம் தொடங்கிற்று. அவள் வயிற்றில் தினமும் ஊசி போட்டார்கள். உடம்பு உப்பிற்று, தலைமுடி கொட்டிற்று. பாதிப் பாடத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டை வளரவில்லை என்று மருந்தைக் கூட்டினார்கள். வளர்ந்த மாதத்தில் கரு தங்கவில்லை. “நீங்க ரொம்பக் கவலைப்படறீங்க மேடம். கவலைப்பட்டா கர்ப்பப்பை சுருங்கிக்கும்” என்றார் டாக்டர் மீனாட்சி. அவள் கவலைப்படாமல் இருக்கப் பாடுபட்டாள். “எங்கிட்டதான் ஏதோ சரியில்ல. நீங்க இவ்வளவு பிரியமா இருந்தும் எனக்குத் தங்க மாட்டேங்குதே” என்று ஒருநாள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஊசியைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஊசி போட்டுத்தான் ஆம்பிளையாக இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று அடுத்த நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம்தான் ஜெயித்தது.

மேலே அவருக்குப் பதவி உயர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஆசைக்கு மதிப்பெண் உண்டு. மனைவியைப் பார்க்கையில் மூச்சு வேகமாகிறதா, சீரியல் நடுவில் எழுந்து போகத் தோன்றுகிறதா என்றெல்லாம் கிளிஃபர்ட் கேட்டு, பத்துக்கு எத்தனை என்று போடுவார். அவர் மனைவியை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒன்றில் தொடங்கிய அதியமான் ஏழு, ஒன்பதரையைத் தொட்டார். மீதி அரை மதிப்பெண் ஆண்டவனுக்கு. அந்த வருட வள்ளல் விழாவில் முதல் பரிசு அவருக்கு என்று அறிவித்தார்கள்.

விழா மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில். மேடையில் பத்து வள்ளல்கள், தலையில் ஜிகினாக் கிரீடம், முகத்தில் கவசம், தோளில் பொன்னாடை. வள்ளல்கள் ரகசியம் என்பதால் அவர்களின் குடும்பத்தார் வரக் கூடாது. அரங்கம் காலியாகக் கிடந்தால் நன்றாக இராது. அதனால் இரண்டாம் மாடிப் பெண்களை வேன் வைத்து அழைத்துவந்து, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து உட்கார்த்திவைத்திருந்தார்கள். இந்த இரண்டு ஏற்பாடும் ஒன்றையொன்று இடிக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வேன் இரண்டாம் மாடி வேலை, மேடை மூன்றாம் மாடி வேலை.

ஷண்முகப்ரியா நாலாம் வரிசையில் இருந்தாள். மேடைப் படியில் முதல் ஆள் காலை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் கூடக் குடித்தனம் பண்ணியவளுக்குப் புருஷனை அடையாளம் காண முகம் எதற்கு, நடை போதாதா? என்ன விழா என்று வேனில் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ வியாபாரிகள் சங்கப் பரிசு போலிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லையே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். பக்கத்துப் பெண்ணிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தாள்.

டாக்டர் விஜயராகவன் மைக்குக்கு முன் வந்தார்.

“இந்த ஊசிக்குப் பக்கவிளைவு உண்டுன்னு சில பேர் பேசிண்டிருக்கா. நான் அனுபவத்தை வெச்சுண்டு பேசறேன். இந்த வள்ளல்கள் எல்லாம் ஆசையே இல்லாம வந்தவா. இன்னிக்கு இவா ஆசைக்கு அணை போட முடியாது. ஆனா இத்தனை வருஷத்துல, எங்க ஊசி போட்டுண்டவா ஒருத்தர் ஆத்துலயாவது ஒரு கர்ப்பம் உண்டோ? கிடையாது. ஒண்ணு கூடக் கிடையாது. ஏன்? ஹார்மோன் வெளியிலேர்ந்து வர ஆரம்பிச்சா, உள்ள இருக்கற ஃபேக்டரி கதவைச் சாத்திண்டுடும். வித்து நின்னுடும். பாடப் புஸ்தகத்துல மொத பக்கத்துல இருக்கற சமாசாரம். ஆசை உண்டு, அவஸ்தை இல்லை. இதைவிட நல்ல மருந்து ஒண்ணு சொல்லுங்கோ பார்ப்போம்.”

மேடையோரம் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் கைதட்ட வேண்டும் என்று வேனிலேயே சொல்லியிருந்தார்கள். குழந்தைக்காக ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் டாக்டர் மீனாட்சியும் தட்டினார். தன் மாடிக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்பதால் அவர் அதைக் காதில் வாங்கியிருக்கவில்லை.

“முதல் பரிசு, அதியமான் ஏழு” என்றார் கிளிஃபர்ட்.

அதியமான் ஏழு எழுந்திருக்கவில்லை.

ஷண்முகப்ரியா எழுந்தாள். மடியிலிருந்த பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கீழ இறங்குங்க.”

கிளிஃபர்ட் குறுக்கே ஓடிவந்தார். “மேடம், மேடம். பேஜாராய்டும் மேடம். இவுரு அதியமான் மேடம்.”

“இவுக சுயம்புலிங்கம். என் வீட்டுக்காரர். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போவுது” என்றாள் அவள். மைக் பக்கத்தில் இருந்ததால் ஒலிபெருக்கியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மறுவாரம் மருத்துவமனை விசாரணைக் குழு கூடியது. ஆண் நோயாளி ஒருவரின் உண்மைப் பெயரைப் பொது இடத்தில் வெளியிட்டது மிகப் பெரிய குற்றம், அதற்கு ஷண்முகப்ரியா எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாகியது. இதுபோல் இனி நடக்காமலிருக்க, வள்ளல்கள் மேடையில் நடக்காமல் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்படுவார்கள் என்றும் முடிவாகியது. ஊசியைப் பற்றிப் பேச அந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

தம்பதி கேட்டுக்கொண்டதால் இரு டாக்டர்களும் சந்தித்தார்கள். இவர் மாடிக்கு அவரோ, அவர் மாடிக்கு இவரோ வருவது மரபில்லை. ஆகவே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாடிப்படித் திருப்பத்தில் சந்திப்பு நடந்தது. சுயம்புலிங்கமும் ஷண்முகப்ரியாவும் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து கேட்டார்கள்.

“இவரைச் சோதிச்சுப் பார்த்திருக்கலாமே நீங்க” என்றார் டாக்டர் விஜயராகவன்.

“மருந்து எடுக்கறீங்களான்னு கேட்டேனே. இல்லைன்னாரு. பேஷன்ட் சொல்றதை நம்பாம இருக்க முடியுமா?” என்றார் டாக்டர் மீனாட்சி.

“அதுவும் சரிதான். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் நாங்க சொல்லிக் குடுத்திருக்கோம்.”

“இப்ப நிறுத்தினா வித்து திரும்ப வருமா சார்?” என்று டாக்டர் மீனாட்சியே கேட்டார்.

“வரும். ஆறு மாசத்துல வரலாம், ஒரு வருஷத்துல வரலாம், சிலருக்கு ரெண்டு வருஷம். வராமலும் போகலாம். ஆசை கொஞ்ச நாளைக்கு முன்னைவிடக் கீழ போயிடும். நல்லா வேலை செஞ்சிண்டிருக்கற மருந்து. நிறுத்தறது எனக்கு மனசே இல்லை.”

“மேடத்துக்கு அவ்வளவு நாள் இல்லையே சார்.”

“அது உங்க மாடி.”

“காரணம் உங்க மாடி.”

இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் ஏறிப்போனார், ஒருவர் இறங்கிப்போனார். இருபது வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட ஒரே நோயாளி சுயம்புலிங்கம் என்பது அவருக்குக் கிடைத்த இன்னொரு கௌரவம்.

ஊசியை நிறுத்தினார். உள்ளதும் போச்சு. சில வாரங்களில் பழைய அலுப்பு வந்தது, பிறகு அதைவிடப் பெரிய அலுப்பு. துணியை அளக்கும்போது காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். அவள் பக்கத்தில் படுத்திருப்பாள், அவருக்கு ஒன்றும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பார், அப்போதும் தோன்றாது. அவள் மயில்கழுத்துப் புடவையை மறுபடி பீரோவின் அடியில் வைத்துவிட்டாள்.

அடுத்த ஆடித் தள்ளுபடி முடிந்தபோது அவருடைய வித்தைப் பரிசோதித்தார்கள். தேடிப் பார்த்ததில் விரல் விட்டு எண்ணும்படி சில உயிரணுக்கள் தென்பட்டன, அவையும் அசையவில்லை. இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம் என்றது மூன்றாம் மாடி. அதே வாரம் ஷண்முகப்ரியாவுக்கு இரண்டாம் மாடி விடைகொடுத்தது. முட்டை இருப்பு தீர்ந்துவிட்டால் அங்கே அதற்கொரு சடங்கு உண்டு. மனையில் உட்காரவைத்து, மஞ்சள் குங்குமம், தேங்காய், ரவிக்கைத் துணி வைத்துத் தாம்பூலம் கொடுப்பார்கள். “ஷண்முகப்ரியா, கணவர் சுயம்புலிங்கம், சிகிச்சை நிறைவு” என்றது ஒலிபெருக்கி. சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

முன்வாசல் வரைக்கும் கிளிஃபர்ட் கூட வந்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்கூடக் கலங்கியிருந்தது.

“சார், தப்பா நெனைக்காதீங்க. நாலாவது மாடி புச்சா தொறந்துகீறாங்கோ. முட்டயும் அவுங்களே தருவாங்கோ, வித்தும் அவுங்களே தருவாங்கோ. நீங்க ரெண்டு பேரும் சும்மா வந்தா போதும். பேரு வெளில தெரியாது சார். அங்கயும் வள்ளல் பேருதான்.”

“யோசிச்சுச் சொல்லுதோம் தம்பி” என்றார் சுயம்புலிங்கம். யார் எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்லும் சுபாவம் அவருக்கு.

ஆட்டோ கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டியது. தாம்பூலப் பை அவள் மடியில் இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள்.

“கேளுட்டி.”

“அந்த ஒரு வருசம் எம்மேல உசுரா இருந்தியள்லா. கடையச் சாத்திட்டு வந்தது, பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனது, எல்லாம். அது நீங்களா, ஊசியா?”

அவர் நேர்மையாக யோசித்தார். வடபழனி சிக்னல் விழுந்து, மாறி, ஆட்டோ மறுபடி கிளம்புகிறவரை யோசித்தார்.

“தெரியலட்டி.”

அவள் தலையாட்டினாள். அழவில்லை. அழுது முடித்துப் பல நாள் ஆகியிருந்தது.

“சரி. ஊசின்னே வச்சிக்கிடுதேன். ஊசியாலன்னாலும் எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா என் வயித்தக் கிழிக்கதுக்கு முந்தின நாளு, டாக்டரம்மா என்னய வச்சிக்கிட்டே கேட்டப்போ, ஒண்ணும் எடுக்கலன்னு சொன்னியள்லா. அதுக்கு எந்த ஊசி போட்டிருந்தாவ?”